கிரீஸ் தடவிய ஞாயிற்றுக்கிழமை

எண்ணெயில் ஊறிய ரப்பருக்கென்று ஒரு வாசனை இருக்கிறது. எரிந்த ரப்பரைச் சொல்லவில்லை. அது கோபக்கார வாசனை, மூக்கைக் குத்திவிட்டுப் போய்விடும். இது போகாது. காறல் எடுத்த எண்ணெயும் மழையில் நனைந்த செருப்பும் ஒன்றாகக் கிடந்த மாதிரி, கொஞ்சம் இனித்துக்கொண்டு, தொண்டைக்குழியில் குந்திக்கொள்ளும். போன மாதம் அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் என் பழைய காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். டை கட்டிய இளைஞர் ஒருவர் கறுப்பு வளையம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார்.

"மேடம், ஒரு சீல் லீக் ஆகி டைமிங் பெல்ட்ல ஆயில் பட்டிருக்கு. எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிடும், பல்லு ஒவ்வொண்ணா உதிர்ந்துரும். மாத்திடலாமா?"

மாற்றிவிடலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அந்த வாசனை உள்ளே போய்விட்டது.

"எண்ணெய் படக்கூடாதா?" என்றேன்.

"படவே கூடாது மேடம். ரப்பர்தானே. எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும். அங்கே கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று தலையசைத்தேன், பிறகு வாங்கிக் குடித்தேன்.

நண்பர்களே, நீங்களும் என் வயதுதான். ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நமக்கு வரும் அறிவெல்லாம் ஏன் இப்படி, ஆட்கள் காலி செய்துபோன வீட்டு வாசலில் விழுகிற தபால் மாதிரி வருகிறது? அப்பா இல்லை. என்ஜின் ஷாப் மாமா இல்லை. அந்தக் குவார்ட்டர்ஸின் வேப்பமரம்கூட இல்லை. யாரிடம் போய்ச் சொல்ல, பெல்ட்டைக் கொன்றது கடைக்காரன் இல்லை, நம் கைதான் என்று?

கார்க்காரர்கள் அல்லாதவர்களுக்காக ஒரு வார்த்தை. என்ஜினுக்குள் மேலே ஒன்று சுழல்கிறது, கீழே ஒன்று சுழல்கிறது. இரண்டும் ஒரே தாளத்தில் சுழல வேண்டும். பழைய வண்டிகளில் அந்தத் தாளத்தைப் பிடித்துவைத்தது இரும்புச் சங்கிலி. பிறகு வந்த சின்னக் கார்களில் உள்பக்கம் பல்வைத்த ரப்பர் வளையம். அதுதான் டைமிங் பெல்ட். அது போனால் புகை வராது, வெடிக்காது. பேசிக்கொண்டே இருக்கும் ஒருவர் பாதி வார்த்தையில் நிறுத்தினால் எப்படியிருக்கும், அப்படி நின்றுவிடும்.

எங்கள் கார் அப்படித்தான் நின்றது.

அது வெள்ளை என்றுதான் காகிதத்தில் எழுதியிருந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது வெற்றிலை போடுகிறவரின் பல் நிறம். தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில், டாங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில், எங்கள் பிளாக்கில் சைக்கிள்கள் இருந்தன, ஸ்கூட்டர்கள் இருந்தன, கார் அது ஒன்றுதான். மாற்றலாகிப்போன ஓர் அதிகாரி அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனது. அம்மா அதன் இருக்கைகளுக்குப் பச்சையும் மஞ்சளுமாக ஒயர் பின்னி முதுகுவிரிப்பு போட்டாள். வேர்த்தால் முதுகில் கட்டம் கட்டமாகப் பதியும். டேஷ்போர்டில் ஒரு சந்தன வில்லை, வெயிலில் சுருங்கிச் சுருங்கி ஒரு புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. இவையெல்லாம் எங்கே போயின என்று கேட்காதீர்கள். வீடு மாறும்போது கைவிட்டுப்போகும் பொருள்களுக்கென்று ஒரு ஊர் இருக்க வேண்டும்.

அப்பா அந்தக் காரை ஓட்டியதைவிடத் திறந்து பார்த்ததுதான் அதிகம். வேலையில் அவர் பார்ப்பதெல்லாம் ஆளை விடப் பெரிய என்ஜின்கள். வீட்டு வாசலில் நிற்கும் இந்தச் சின்ன என்ஜின் அவருக்கு, தினம் யானை குளிப்பாட்டுகிறவர் வீட்டுக்கு வந்து பூனைக்குட்டியைத் தடவிக்கொடுக்கிற மாதிரி.

அந்த வருடம் அத்தை எங்களோடு இருந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. எங்களுக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். தங்கை பக்கத்திலேயே இருக்கட்டும் என்று அப்பா அலைந்து திரிந்து பிடித்த மாப்பிள்ளை வீடு திருமுல்லைவாயிலில். பழைய குடும்பம், நெல் விளைந்த நிலமெல்லாம் மனையாகிக்கொண்டிருந்த நேரம். கல்யாணமாகி ஆறேழு வருடத்தில் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். மகன் வரவில்லை. அனுப்பவில்லை. ஏன் வந்தாள், ஏன் அவனை அனுப்பவில்லை என்பதெல்லாம் பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசிய பேச்சு. இன்றும் எனக்கு முழுசாகத் தெரியாது. தெரிந்ததெல்லாம், அந்த இடத்தைப் பார்த்துவைத்தவர் அப்பா என்பதும், அத்தை வந்த நாளிலிருந்து அப்பா அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, அவள் தட்டைப் பார்த்துத்தான் பேசினார் என்பதும்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் மகனைப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. ரயிலில் இரண்டே ஸ்டேஷன். ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். பையன் என்னைவிடச் சின்னவன், பெரியப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு வந்தான். நெற்றியில் பட்டை விபூதி. அத்தை அவன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, அவன் கைகளை விரித்துப் பார்த்தாள்.

"நகம் ஆருய்யா வெட்டிவிடுதா?"

"பெரிம்மா."

"நல்லா வெட்டியிருக்காக."

அவ்வளவுதான் பேச்சு. திரும்பி வரும்போது ரயிலில் அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் நகங்கள் கடித்துக் கடித்துக் குட்டையாக இருந்தன.

பிறகு ஒரு நாள் டெலிபோன் வந்தது. பிளாக் முழுவதற்கும் அது என்ஜின் ஷாப் மாமா வீட்டில்தான் இருந்தது. மாமா அப்பாவோடு வேலை பார்ப்பவர், கோயம்புத்தூர்க்காரர், என்ஜின் பொருத்தும் பிரிவு. அம்மா போய்ப் பேசிவிட்டு வந்து அரிசி களைவதுபோல் பாத்திரத்தில் கையை விட்டுக்கொண்டே சொன்னாள்.

"அவங்க பெரியவருதான் பேசினாரு. மஸ்கட்டுல வேலையாம் அவரு தம்பிக்கு. பையனையும் இட்டுகினு போறாராம், அங்கேயே பள்ளிக்கூடமாம்."

"எப்ப?" என்றாள் அத்தை.

"அடுத்த மாசம். அதுக்குள்ள ஊசி போடணும், போட்டோ எடுக்கணும், அதனால கோயிலுக்கெல்லாம் வரத் தோது இல்லையாம். ஏர்போர்ட்டுக்கு வந்து பாத்துக்கட்டும்னு சொன்னாரு. உள்ள போறதுக்கு முந்தி, அரை மணி நேரம் வெளியில நிப்பாங்களாம்."

அத்தை அழவில்லை. தையல் மிஷினைத் துடைத்தாள். மறுநாள் கடைக்குப் போய் இளநீலத் துணி வாங்கிவந்தாள். அவன் அளவு அவளிடம் இல்லை. என்னைச் சுவரோரம் நிற்கவைத்து, என் தோளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்து, "இங்கன வருவான்" என்றாள். கொஞ்சம் யோசித்துக் கையை ஒரு விரற்கடை ஏற்றினாள். "இப்ப இங்கன வந்திருப்பான்." என் உடம்பில் அளவெடுத்து, அங்கே இல்லாத ஒரு பையனுக்கு அவள் சட்டை வெட்டினாள். அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் அந்த வீடு அந்த மாதம் முழுக்க மூச்சு விட்டது.

அதே வாரம் அப்பா ஏதோ சத்தம் கேட்கிறது என்று அம்பத்தூரில் ஒரு ஷெட்டில் காரைக் காட்டியிருக்கிறார். பெல்ட் வெடித்திருக்கிறது, பல்லோரமெல்லாம் நூல் பிரிந்திருக்கிறது, நெடுந்தூரம் போனால் கழுத்தறுத்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர்களே மாற்றித் தருவதாகவும் சொன்னார்களாம். அப்பா விடவில்லை. டாங்கிக்கு என்ஜின் இறக்கி ஏற்றுகிறவன் ஒரு ரப்பர் வளையம் மாற்ற வெளியாளிடம் போவதா? மோட்டார் சாமான் கடைகள் வரிசைகட்டிய ஜி.பி. ரோட்டுக்குப் போய்ப் புது பெல்ட் வாங்கிவந்தார். அட்டைப்பெட்டியில் பவுடர் மணக்க, சுருண்டு படுத்த குட்டிப் பாம்பு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. வேப்பமரத்தடி. இப்போது நான் அந்த இடத்துக்குப் போகிறேன், நீங்களும் வாருங்கள். படியில் அத்தையும் நானும் உட்கார்ந்திருக்கிறோம். அவள் சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருக்கிறாள். கீழே அப்பாவும் மாமாவும் காரின் ஒரு பக்கத்துச் சக்கரத்தைக் கழற்றி, கட்டைமேல் நிறுத்தி, உள்ளே தலையை விட்டிருக்கிறார்கள். பிளாக்கில் பாதிப் பேர் சுற்றி நிற்கிறார்கள். யாரோ ரேடியோவை ஜன்னலில் வைத்திருக்கிறார்கள்.

மூடியைக் கழற்றியதும் மாமா பழைய பெல்ட்டை விரலால் நெம்பிப் பார்த்துச் சிரித்தார்.

"ஏனுங்ணா, இதென்னுங்க, என்ஜினுக்குள்ளாற ரப்பரு? நம்முளுது பூராப் பல்சக்கரம். இவன் பொம்மைக் காருக்குப் போடறாப்புல போட்டிருக்கறான்."

"அதான் விலை கம்மி" என்றார் அப்பா.

வேலை தெரியாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவ்வளவு நேர்த்தியாகச் செய்தார்கள். மேல்சக்கரத்துக் குறியும் கீழ்ச்சக்கரத்துக் குறியும் நேருக்கு நேர் வரும்வரை மெல்ல மெல்லத் திருப்பினார்கள். புது பெல்ட்டைக் குழந்தைக்கு அரைஞாண் மாட்டுவதுபோல மாட்டினார்கள். கையாலேயே சுற்றிப் பார்த்து, குறிகள் மறுபடி நேராக வந்து நின்றபோது அப்பா படியில் இருந்த அத்தை பக்கம் திரும்பிச் சிரித்தார். போல்ட்டுகளை இறுக்கியதும் ஒவ்வொன்றின் தலையிலும் மாமா பெயிண்டால் ஒரு கோடு இழுத்தார். அவர்கள் ஷாப் வழக்கம். போல்ட் தளர்ந்தால் கோடு பிசகிக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த ஷாப்பில் இன்னொரு வழக்கமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மண்டையில் ஏற்றிவிடுவார்களாம்: உலர்ந்த பாகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. சுழல்கிற எதுவும் எண்ணெய் தொடாமல் சுழலக் கூடாது. அப்பா எங்கள் வீட்டுக் கதவுக் கீலுக்குக்கூடப் பண்டிகை மாதிரி நாள் பார்த்து எண்ணெய் விடுவார்.

மூடியை மாட்டப் போன மாமாவின் கை நின்றது.

"அண்ணா, இது வறண்டு கெடக்குதுங்க பாருங்க."

அப்பா எட்டிப் பார்த்தார். உண்மைதான். பெல்ட் வறட்டுக் கறுப்பாக, பவுடர் பூத்து, ஒரு சொட்டுப் பசையில்லாமல் இருந்தது.

"அதான் பழசு வெடிச்சிருக்கு" என்றார் அப்பா. "எவனும் கவனிக்கல."

மாமா வீட்டுக்குள் போய் ஊறுகாய் பாட்டிலோடு வந்தார். சைக்கிளுக்கு வைத்திருந்த கிரீஸ், தேன் நிறம். இரண்டு விரலில் அள்ளி, பெல்ட்டின் பல்லுக்குப் பல் தடவினார். அப்பா கீழிருந்து சக்கரத்தைச் சுற்றிக்கொடுக்கக் கொடுக்க, மாமா தடவினார். நோயாளிக்குத் தைலம் தேய்க்கிற பொறுமை. சுற்றி நின்றவர்கள் எல்லாம் தொழிற்சாலைக்காரர்கள், எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

நான் படியில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பத்து வயது, எனக்கு ஒன்றும் தெரியாது. நாற்பது தாண்டிய நானும் அதே படியில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு எல்லாம் தெரியும். இரண்டு பேராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த விரல்கள் போய்க்கொண்டே இருக்கின்றன, பல்லுக்குப் பல், பல்லுக்குப் பல்.

கார் கிளம்பியபோது முன்னைவிடச் சத்தம் குறைவு. மாமா காதைச் சாய்த்துக் கேட்டார். "பட்டாட்டம் இருக்குதுங்ணா." அம்மா எல்லோருக்கும் டீ கொடுத்தாள். அத்தை காஜா எடுத்து முடித்திருந்தாள்.

போகிற நாள் நெருங்க நெருங்க அத்தை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். உரக்கக் கேட்கவில்லை, சாப்பாடு பரிமாறும்போது, துணி மடிக்கும்போது.

"அண்ணே, ரயில்லயே போயிரலாம்லா. சென்ட்ரல்ல இறங்கி, எதுக்க பார்க் ஸ்டேஷன்ல ஏறினா நேரா கொண்டுபோயி விட்டுருவான்."

"பையைத் தூக்கிக்கிட்டு ரெண்டு ரயில் மாறி அவங்க முன்னால போயி நிக்கணுமா நீ? கார்ல போயி இறங்குவ. என் தங்கச்சி கார்ல வந்து இறங்கினான்னு அந்தப் பெரியவரு பாக்கணும்."

"பெரியவரு பாக்கவா போறேன்?"

"நீ பேசாம இரு தாயி. வண்டி இப்ப ரயிலை விட நல்லா இருக்கு."

இப்போது யோசித்தால் தெரிகிறது, அப்பா அந்தக் காரால் ஒரு கல்யாணத்தைச் சரிசெய்யப் பார்த்தார். தானே பார்த்துவைத்த இடத்துக்கு, தானே பழுதுபார்த்த வண்டியில், தானே கொண்டுபோய் விட வேண்டும். அத்தைக்கு வேண்டியிருந்தது அரை மணி நேரம். இரண்டும் வேறு வேறு என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். அப்பா ஓட்ட, மாமா முன்னால். "வழியில ஏதாச்சும்னா ஒரு கை வேணுமில்லீங்க" என்று அவராகவே வந்து ஏறிக்கொண்டார். பின்னால் அத்தையும் நானும். அவள் மடியில் துணிப்பை. உள்ளே சட்டை, ஒரு டப்பா சீடை. முதுகில் ஒயர் கட்டங்கள் அழுந்தின. பூந்தமல்லி தாண்டி, குமணன்சாவடி தாண்டி, காட்டுப்பாக்கம். அப்போது அங்கே இருபுறமும் வெட்ட வெளி, நடுநடுவே மனைக்கல் நட்ட வயல்கள், சில பனைகள். போரூர் வந்தால் பாதி தூரம் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார்.

போரூர் வரவில்லை. என்ஜின் பாதி வார்த்தையில் நின்றது. கார் சத்தமில்லாமல், தன் வேகத்திலேயே கொஞ்ச தூரம் உருண்டு, சாலையோர மண்ணில் ஒதுங்கியது. அப்பா சாவியைத் திருப்பினார். உள்ளே ஏதோ சுற்றியது, வழக்கமான முக்கல் இல்லாமல், வேகமாக, லேசாக, காலி ராட்டினம் மாதிரி. அப்பாவும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

மூடியைத் திறந்ததும் அந்த வாசனை வந்தது. மாமா விரலை விட்டு எடுத்தார். கறுப்புக் கூழ்.

"பல்லே இல்லீங்ணா. மொழுமொழுங்குது."

அப்பா வெகுநேரம் பார்த்தார். பிறகு முடிவு செய்தார். "டூப்ளிகேட். டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்."

"அப்புடித்தானுங்க இருக்கோணும்" என்றார் மாமா.

பழைய பெல்ட்டை அப்பா எறியாமல் டிக்கியில் வைத்திருந்தார். அதை மாட்டிவிடலாம். கொஞ்ச நேர வேலைதான். சட்டையைக் கழற்றி முள்வேலியில் மாட்டிவிட்டு இருவரும் இறங்கினார்கள்.

எதிரே ஒரு புங்கமரத்தடியில் இளநீர்க்காரர் ஒருவர் அரிவாளை மரக்கட்டையில் கொத்திவைத்துவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, நின்னுகிச்சா?"

"இப்ப ஆயிரும்" என்றார் அப்பா.

"எங்க போணும்?"

"ஏர்போர்ட்டு" என்றேன் நான்.

"அடங்கொப்புறானே, ஏரோப்ளேன் நிக்காதே நைனா. உங்களுக்கு இன்னா வேல?"

"டாங்கி ஃபேக்டரி" என்றார் மாமா, தலையை வெளியே எடுக்காமல்.

"அப்ப டாங்கியிலயே வந்துகினு இருக்கலாமே. அதுக்கு ரோடே வாணாம்ன்றாங்கோ."

மாமாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு வரவில்லை. இளநீர்க்காரர் அத்தையைப் பார்த்தார். அவள் பையை மார்போடு சேர்த்துப் பிடித்துச் சாலை விளிம்பில் நின்றிருந்தாள்.

"அந்தம்மா மூஞ்சப் பாத்தா அவசரமா கீதே. பஸ்ஸு வருது பாரு, ஏத்தி வுடு. நீ பொறவால வா."

பஸ் வந்தது. அத்தை அப்பாவைப் பார்த்தாள். "அண்ணே, நான் வேணா இதுல..."

"பொறு தாயி. குறி நேரா வந்துட்டு. மாட்ட வேண்டியதுதான்."

பஸ் போனது. புழுதி அடங்கியது. இன்னொன்று வந்தது. "அண்ணே." "ஸ்பானர் சிக்கிட்டு. எடுத்துட்டா முடிஞ்சுது." அதுவும் போனது. கழற்றுவதற்கு முன் மாமாவின் பெயிண்ட் கோடு எல்லா போல்ட்டிலும் பிசகாமல் நேராகத்தான் இருந்தது. நிழல்கள் சாலையின் குறுக்கே நீள ஆரம்பித்தன. அத்தை ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஓர் அடி முன்னால் வைத்து, ஓர் அடி பின்னால் வைத்தாள். நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கட்டுப்பட்ட பசு கயிற்றின் நீளத்துக்கு நகர்வதுபோல் இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அப்போது அவள் வேர்வை வாசனை மட்டும்தான் தெரிந்தது, வேர்வையும் நீலத்துணியின் கஞ்சியும்.

இளநீர்க்காரர் ஒரு காயைச் சீவிக்கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "குட்சிக்கோ தங்கச்சி. காசு வாணாம்." அவள் கையில் வாங்கினாள், குடிக்கவில்லை, என்னிடம் கொடுத்தாள். "யாரு போறாங்கோ?" என்று கேட்டார்.

"எம் மவன்."

இளநீர்க்காரர் நடுச்சாலைக்குப் போய் நின்றுகொண்டார். அடுத்து வந்த பஸ் அவருக்காக நின்றது, ஓட்டுநர் திட்டிக்கொண்டே நிறுத்தினார்.

அத்தை காருக்கு ஓடினாள். அப்பா காருக்கு அடியில் இருந்தார். பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன, செருப்பில்லாமல், உள்ளங்கால் வெடிப்பில் மண்ணோடு. அவள் அந்தப் பாதங்களைப் பார்த்துக் குனிந்து சொன்னாள்.

"அண்ணே, நான் போறேன்."

"இந்தா, முடிஞ்சுட்டு. பதினாலாம் நம்பரை மட்டும் எடுத்துக் குடு."

அவள் மண்ணில் கிடந்த ஸ்பானரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். இளநீரில் பாதி என் சட்டையில் கொட்டியது.

கத்திப்பாராவில் இறங்கி ஆட்டோ. அத்தை வழி முழுக்க முன்கம்பியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே வந்தாள், ஆட்டோவை அவள்தான் ஓட்டுகிறாள் என்பதுபோல. விமான நிலைய வாசலில் மாலை போட்டவர்கள், அழுகிறவர்கள், மூட்டை கட்டுகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் பெரியப்பா ஒரு காலித் தள்ளுவண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"இம்மாம் நேரமா? நின்னு நின்னு பாத்துட்டு இப்பத்தாம்மா உள்ள போனாங்கோ. பையன் கேட்டுகினேதான் இருந்தான்."

"என்ன கேட்டான்?"

அவர் சற்று யோசித்தார். கெட்ட மனிதர் இல்லை. "அம்மா எங்கன்னுதான்."

காசு கொடுத்துச் சீட்டு வாங்கினால் மாடியேறி விமானத்தைப் பார்க்கலாம் என்று அவரேதான் சொன்னார், அவரே வாங்கியும் கொடுத்தார். மேலே கம்பித்தடுப்பு, அதற்கப்பால் வெகு தூரத்தில் விமானம், சாயங்கால வெயிலில் வயிறு மட்டும் பளபளத்தது. கட்டிடத்திலிருந்து சின்னச் சின்ன உருவங்கள் வரிசையாக நடந்துபோய் ஏணியில் ஏறிக்கொண்டிருந்தன. குழந்தைகள் பல பேர். யாருடைய முகமும் தெரியவில்லை.

"எது அவன்? உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா, பாரு பிள்ள."

பார்த்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தன.

"தெரியல அத்தை."

"என்ன சட்டை போட்டிருக்கான்னு அவர்ட்டக் கேக்காம வந்துட்டேனே" என்றாள். திரும்பிப் படிக்கட்டைப் பார்த்தாள். இறங்கிக் கேட்டுவிட்டு ஏறிவருவதற்குள் வரிசை முடிந்துவிடும். போகவில்லை. கையை உயர்த்தினாள். ஏணியில் ஏறிய ஒவ்வொருவருக்கும் கை காட்டினாள். கோட்டுப் போட்டவருக்கு, பர்தா அணிந்தவருக்கு, கைக்குழந்தைக்கு, கடைசியாக ஏறிய பணிப்பெண்ணுக்கு. யாரோ ஒரு குழந்தை திரும்பிக் கை காட்டியது. யாருடைய குழந்தையோ.

நாங்கள் கீழே இறங்கி வந்தபோது எங்கள் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. ஆமாம். வெடித்துப்போன, நூல் பிரிந்த, ஆகாது என்று கழற்றிப்போட்ட அந்தப் பழைய பெல்ட், காட்டுப்பாக்கத்திலிருந்து மீனம்பாக்கம் வரை சொகுசாக ஓடிவந்திருந்தது. அப்பா முழங்கை வரை கறுப்பாக, பனியனோடு, பின்கதவைத் திறந்துபிடித்து நின்றார். பெரியப்பா பார்த்தார். அப்பாவின் தங்கை காரில் ஏறுவதை அவர் பார்த்தார்.

வழியில் மாமா மட்டும் ஒரு தடவை, "டூப்ளிகேட்டுங்க" என்றார், எவரிடம் என்றில்லாமல்.

அப்பா அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். கடைக்காரர் பெல்ட்டை முகர்ந்து பார்த்து ஏதோ சொன்னாராம், அப்பா கேட்டுக்கொள்ளவில்லையாம். சாகும்வரை ஜி.பி. ரோடு என்றாலே அவர் முகம் மாறும். ஒரு மனிதர் தன் வாழ்நாள் முழுவதும் தப்பான ஆள்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போவது சாத்தியம். ஒருவேளை அதுதான் அவரைக் காப்பாற்றியதோ என்னவோ. தெரிந்திருந்தால் அந்த ஊறுகாய் பாட்டிலை எங்கே வைத்திருப்பார்?

நீலச் சட்டையை அம்மா எனக்குப் போட்டுவிட்டாள். அவன் வளர்வான் என்று தாராளமாக வெட்டியதால் அது இறுக்கிப் பிடித்தாலும் எனக்கும் பொருந்தியது. வீட்டுக்குள் மட்டும் போட்டேன், அத்தை இல்லாத நேரமாகப் பார்த்து. அந்தப் பையன் பிறகு வந்தான், முகம் மழிக்கிற வயதில். அத்தையும் அவனும் ரயிலில் பக்கத்து இருக்கை கிடைத்த இரண்டு பேர் மாதிரி மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

அதெல்லாம் பின்னால். அந்தக் கோடை முடிவதற்குள் அத்தைக்குக் கோவில்பட்டியில் ஒரு பெண்கள் விடுதியில் வேலை கிடைத்தது. அவளாகவே எழுதிப்போட்டு வாங்கிய வேலை. கிளம்புகிற அன்று அப்பா காரைத் துடைத்துவைத்தார், எழும்பூருக்குக் கொண்டுபோய் விட. அத்தை டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஆவடி ஸ்டேஷனுக்கு நடந்தாள். அப்பா பின்னால் ஓடி மறுபக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பெட்டியை நடுவில் வைத்து இருவரும் நடந்தார்கள், அம்மாவும் நானும் பின்னால். பிளாட்பாரத்தில் அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டே நின்றார். நகக்கண்ணில் அப்போதும் கறுப்பு இருந்தது. எலக்ட்ரிக் ரயில் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு ஜன்னலுக்கு வந்தார். முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தார், நேராக, வெகுநேரம்.

"லீவு விட்டதும் சொல்லு தாயி. நான் கோவில்பட்டிக்கே கார் எடுத்துக்கிட்டு வாரேன்."

ரயில் நகர்ந்தது. அத்தை ஜன்னல் கம்பிக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிவிட்டாள்.

"வேண்டாம்ணே. எனக்கு வழி தெரியும்."